ஒரே வீட்டில் மூன்று குறட்டைகள்: தூக்க மூச்சுத்தடை எந்த வயதில் வரும்?

உங்கள் வீட்டில் மூன்று பேர் குறட்டை விடுகிறார்கள் என்றும், 67 வயது மாமனாருக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்க மூச்சுத்தடை இருப்பதாக அண்மையில் கண்டறிந்திருக்கிறார்கள் என்றும், 41 வயது கணவரையும் 5 வயது மகனையும் நினைத்து இப்போதே கவலைப்பட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இது முதுமையில் வருகிற நோய்தானே, மற்ற இருவருக்கும் இன்னும் காலம் இருக்கிறதே என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் எண்ணம். குறட்டை இந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து என்று மாமியார் சிரிப்பதையும் எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நோய்க்கென்று ஒரு வயது கிடையாது. குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கும் வரும், தொண்ணூறு வயதுப் பெரியவருக்கும் வரும். ஆனால் ஐந்து வயதில் தொண்டையை அடைப்பது ஒன்று, நாற்பதில் அடைப்பது வேறொன்று, எழுபதில் அடைப்பது மற்றொன்று. காரணம் மாறுவதால் அறிகுறியும் மாறுகிறது, சிகிச்சையும் மாறுகிறது. என்னைக் கேட்டால், நீங்கள் கவலைப்படும் வரிசையைத் தலைகீழாக்கி, மகனை முதலிலும் கணவரை அடுத்தும் மாமனாரைக் கடைசியிலும் வைப்பேன். மாமனாருக்குக் குறைந்தபட்சம் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மற்ற இருவருக்கும் இன்னும் யாரும் பார்க்கவே இல்லை.

தூக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்று செல்லும் பாதையில் மூக்குக்கு எலும்புச் சுவர் இருக்கிறது, மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன, இவற்றுக்கு இடையில் இருக்கும் தொண்டைப் பகுதிக்கு மட்டும் அப்படி எந்தத் தாங்கலும் இல்லை. அங்கே இருப்பவை அண்ணம், நாக்கின் அடிப்பகுதி, பக்கவாட்டுத் தசைகள் ஆகியவையே. பேசவும் விழுங்கவும் அந்த இடம் நெகிழ வேண்டியிருப்பதால் அது அப்படி அமைந்திருக்கிறது. விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக நின்று பாதையைத் திறந்து வைக்கின்றன, தூங்கியதும் தளர்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் தளர்ந்த சுவர்கள் உட்புறமாக இழுபடுகின்றன. பாதை குறுகினால் சதை அதிர்ந்து குறட்டையாகிறது. முழுவதும் மூடிக்கொண்டால் குறட்டை நின்று, அறையில் அமைதி நிலவும். உண்மையில் அஞ்ச வேண்டியது அந்த அமைதியைத்தான். நெஞ்சும் வயிறும் காற்றுக்காகப் போராடிக்கொண்டிருக்கும், இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை சில நொடிகள் விழித்துத் தசைகளை உசுப்பும், பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். தூங்குபவருக்குக் காலையில் இதில் எதுவும் நினைவிருக்காது.

பெரியவர்களுக்கு இப்படி மூச்சு 10 நொடியாவது நின்றால் ஒரு தடை என்று எண்ணுகிறோம். நிற்காமல், குறிப்பிட்ட அளவு குறைந்து ஆக்சிஜனை இறக்கினாலும், தூக்கத்தைக் கலைத்தாலும் அதையும் கணக்கில் சேர்க்கிறோம். மணிக்கு 5 முறைக்குக் குறைவென்றால் இயல்பு, 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, எட்டு மணி நேரத் தூக்கத்தில் 240 முறை மூச்சு தடைப்படுகிறது. இரவெல்லாம் தூங்கியும் ஒருவர் காலையில் அடித்துப் போட்டதைப் போல எழுவதற்கு இதுவே காரணம். குறட்டை விடும் எல்லோருக்கும் இந்த நோய் இருப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இது பெருத்த உடம்புள்ள நடுவயது ஆணின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நீண்ட காலம் வேரூன்றியிருந்தது. 1965ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரில் கஸ்தோ குழுவினரும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் யுங், கூலோ இருவரும் தூக்கத்தில் மூச்சு நிற்பதைத் தனித்தனியே பதிவு செய்தபோது அவர்கள் பார்த்தவர்கள் மிகப் பருமனான நோயாளிகள். அந்தச் சித்திரம் பாடநூல்களில் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இந்த நோய்க்குப் பெயர் சூட்டிய மருத்துவர் கியோமினோ, அதே ஆண்டில் எட்டுக் குழந்தைகளிடமும் இதைக் கண்டு எழுதினார். அதற்கும் வெகு காலம் முன்பு, 1889ஆம் ஆண்டில், லண்டன் மருத்துவர் வில்லியம் ஹில், மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டு இரவில் குறட்டை விடும் பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் பின்தங்குவதைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து வழக்கப்படி மந்தமான பிள்ளைகள் என்றுதான் குறிப்பிட்டார் என்றாலும், மந்தத்துக்குக் காரணம் மூளையில் இல்லாமல் மூச்சில் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது பெரிய விஷயம்.

உங்கள் மகனின் வயதுதான் குழந்தைப் பருவத்தில் இந்த நோய் உச்சம் தொடும் வயது. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையின் இருபுறமும் இருக்கும் டான்சில்களும் 2 வயது முதல் 8 வயது வரை, தொண்டையின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியவையாக இருக்கின்றன. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கும், தூசி ஒவ்வாமையால் காலையில் தொடர்ந்து தும்மும் பிள்ளைக்கும் அவை மேலும் வீங்குகின்றன. நூறு குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் குழந்தை மருத்துவர்கள் மதிப்பிடுகிறார்கள். பருவமடையும் வரை இதில் ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. பெரியவர்களுக்கு வைத்த அளவுகோலும் இங்கே செல்லாது. குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே ஒரு தடை என்றும், மணிக்கு ஒன்றுக்கு மேல் இருந்தாலே இயல்புக்கு மாறானது என்றும், 10ஐத் தாண்டினால் கடுமையானது என்றும் கொள்கிறோம். மகனின் பரிசோதனைத் தாளில் 6 என்று இருப்பதைப் பார்த்து, தாத்தாவுக்கு 34 இருக்கிறதே, இவனுக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அறிகுறிகளும் அப்படியே வேறுபடுகின்றன. பெரியவர் பகலில் தூங்கி விழுவார். பிள்ளை பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. மாறாக, ஓரிடத்தில் உட்காராமல் ஓடும், எரிச்சலடையும், வகுப்பில் கவனம் சிதறும். சுட்டித்தனம் என்று வீட்டிலும், கவனக்குறைவு என்று பள்ளியிலும் சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு மிகை இயக்கக் கவனக்குறைபாடு (ADHD) என்ற பெயரே ஒட்டிக்கொள்கிறது. இரவில் வாயைத் திறந்தபடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, சில நேரங்களில் முழங்காலை மடித்துக் குப்புறக் கவிழ்ந்து தூங்கும். தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமல் இருப்பதும் உண்டு. மூச்சுவிடவே இரவெல்லாம் உழைப்பதும், வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கும் ஆழ்ந்த தூக்கம் கலைந்துகொண்டே இருப்பதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பல ஆண்டுகள் வாயாலேயே மூச்சுவிடும் பிள்ளைக்கு முகம் நீண்டு, மேல் அண்ணம் குறுகி உயர்ந்துவிடுவதும் உண்டு.

சிகிச்சை என்றதும் டான்சிலையும் அடினாய்டையும் அகற்றும் அறுவை சிகிச்சைதான் முதலில் பேசப்படும். அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளைப் பகுத்து, ஒரு பாதிக்கு உடனே அறுவை செய்தும் மறு பாதியைக் கண்காணிப்பில் வைத்தும் நடத்தப்பட்ட ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியானது. ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டவர்களில் 79 சதவீதத்தினருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்பு நிலைக்குத் திரும்பியிருந்தது. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்குத் தானாகவே சரியாகியிருந்தது. பெற்றோர் முதல் எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக இரண்டையும் சொல்கிறேன். கவனத்தை அளக்கும் தேர்வில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்வின் நலம் ஆகியவற்றில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆகவே, நோய் இலேசாக இருந்து பிள்ளை பகலில் நன்றாக இருந்தால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயோடு சில மாதம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. மூச்சு திணறி எழும் பிள்ளையை, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் விட்டுவைப்பதுதான் தவறு. எடை மிகுந்த பிள்ளைகளுக்கு அறுவைக்குப் பிறகும் நோயின் ஒரு பங்கு எஞ்சக்கூடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 4 வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை.

சிசுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன், ஏனெனில் அங்கே பெரும்பாலும் தொண்டை குற்றவாளி இல்லை. 28 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ எல்லோருக்கும் மூச்சு விட்டுவிட்டு நிற்கும். மூச்சை இயக்கும் மூளைப் பகுதி முதிராததே காரணம். அதற்குக் கொடுக்கும் மருந்து நாம் காலையில் காபியில் குடிக்கும் அதே காஃபீன்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளை ஒட்டி இது தானாக நின்றுவிடும். நிறைமாதக் குழந்தையும் தூக்கத்தில் 5, 10 நொடி மூச்சை நிறுத்திப் பின் வேகமாக விடுவதுண்டு, அது இயல்பே; 20 நொடியைத் தாண்டினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தை துவண்டாலோ ஒரு கணமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பத்து வயதுக்கு மேல் டான்சில்கள் சுருங்கத் தொடங்குகின்றன, தொண்டை வளர்கிறது, நோயும் பலருக்கு அடங்குகிறது. இளம் வயதில் இது இருப்பவர்கள் பெரும்பாலும் உடல் எடை மிகுந்தவர்கள், அல்லது கீழ்த்தாடை சிறுத்துப் பின்னடைந்திருப்பவர்கள். இந்த இரண்டாவது வகையினரை எவரும் சந்தேகிப்பதில்லை, ஒல்லியாக இருப்பார்கள் என்பதால். உங்கள் மாமியாரின் பரம்பரைச் சொத்துக்கு இங்கேதான் அர்த்தம் இருக்கிறது. தாடையின் நீளமும், தொண்டையின் அகலமும், கழுத்தில் கொழுப்பு சேரும் தன்மையும் குடும்பத்தில் இறங்கி வருபவை. நோயாளியின் நெருங்கிய இரத்த உறவினருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

இனி உங்கள் கணவரின் வயதுக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயது வரையுள்ள 602 அரசு ஊழியர்களை இரவில் தூங்க வைத்துப் பரிசோதித்த ஆய்வு 1993ஆம் ஆண்டில் வெளிவந்தபோதுதான் இதன் பரப்பு முதன்முறையாகத் தெரிந்தது. ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் மணிக்கு ஐந்து தடைக்கு மேல் இருந்தது. அதோடு பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் ஆண்களில் 4, பெண்களில் 2 சதவீதம். மும்பையில் வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்த 35 முதல் 65 வயது ஆண்களிடம் நடந்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், தூக்கத்தில் மூச்சுக் கோளாறு 19.5 சதவீதத்தினருக்கும், பகல் அறிகுறிகளோடு கூடிய நோய் 7.5 சதவீதத்தினருக்கும் இருந்தது. தூக்கத்தைப் பற்றிப் புகார் சொல்லி வந்தவர்கள் அல்லர் அவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் கனம் விளங்கும். உலகம் முழுவதும் 30 முதல் 69 வயதுக்குள் 93 கோடியே 60 லட்சம் பேருக்கு இலேசானது முதல் கடுமையானது வரை ஏதோ ஓர் அளவில் இந்த நோய் இருக்கலாம் என்று 2019ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வந்தது.

இந்த வயதில் தொண்டையைக் குறுக்குவது முதன்மையாகக் கொழுப்பு. அது வயிற்றில் மட்டும் சேர்வதில்லை, கழுத்தைச் சுற்றியும் நாக்குக்குள்ளேயும் சேர்கிறது. விஸ்கான்சினில் அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், எடை 10 சதவீதம் கூடியவர்களுக்கு மூச்சுத்தடை எண்ணிக்கை ஏறக்குறைய 32 சதவீதம் கூடியதும், 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு 26 சதவீதம் குறைந்ததும் தெரியவந்தது. நம்மவர்கள் இதை இன்னொரு விதத்திலும் கவனிக்க வேண்டும்: ஆசிய முக அமைப்பில் ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே இந்த நோய் வந்துவிடுகிறது. எனவே, என் கணவர் அப்படியொன்றும் குண்டில்லை என்பது போதுமான சமாதானம் ஆகாது. இரவில் மது அருந்தும் பழக்கமும் தூக்க மாத்திரையும் தசைகளை மேலும் தளர்த்துபவை. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னுக்குச் சரிவதால், பலருக்கு ஒருக்களித்துப் படுத்தாலே தடை பாதியாகக் குறைந்துவிடுவதும் உண்டு.

முதியவர்களிடம் எண்ணிக்கை அதிகம் என்றாலும், கேடு அதே அளவு அதிகம் என்று சொல்ல முடியவில்லை. உங்கள் கேள்விக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கடுமையான மூச்சுத்தடைக்கும் அகால மரணத்துக்குமான தொடர்பு 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது; எழுபதைத் தாண்டியவர்களிடம் அந்தத் தொடர்பு தேய்ந்துபோயிருந்தது. மூன்று மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு, சர்க்கரை நோய் ஆகியவற்றோடு இந்த நோய் கைகோத்து வருவதும் இந்த வயதில்தான் கண்ணில் படத் தொடங்குகிறது. வண்டி ஓட்டும்போது கண் அயர்வதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை; உங்கள் கணவர் சிக்னலில் நிற்கும்போது தூங்கிவிழுகிறவரா என்பதை அவரைவிட நீங்கள்தான் சரியாகச் சொல்வீர்கள்.

சிகிச்சையின் முதன்மைக் கருவி சிபாப் மெஷின், அதாவது முகமூடி வழியே தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் கருவி. 1981ஆம் ஆண்டில் சிட்னியில் காலின் சல்லிவன், வீட்டுத் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரை மாற்றியமைத்து, மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப்பிடிக்க முடியும் என்று காட்டினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்கு இருந்த ஒரே வழி கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைப்பதுதான். இந்தக் கருவியை விற்பவர்கள் மாரடைப்பைத் தடுக்கும் என்று சொல்லக்கூடும். அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ ஏற்கெனவே உள்ள 45 முதல் 75 வயது வரையிலான 2,717 பேரிடம் நடந்து 2016ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வில், சிபாப் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே முகமூடியை அணிந்தார்கள் என்பதும், பகலில் மிகுதியாகத் தூங்கிவிழுபவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன, வேலைக்குப் போக முடியாத நாட்களும் குறைந்தன. என் கருத்தில், கருவியை வாங்க அந்தக் காரணங்களே போதும். பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான நோயும் சேர்ந்தவர்களுக்கு, எடை குறைக்கும் ஊசிமருந்தான டிர்செபடைடை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் இந்த நோய்க்கென்றே அங்கீகரித்திருக்கிறது. அதை மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

உங்கள் கேள்வியில் சிரித்துவிட்டு ஒதுங்கிய மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு ஹார்மோன்கள் ஓரளவு காவலாக நிற்கின்றன. பென்சில்வேனியாவில் நடந்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், அறிகுறிகளோடு கூடிய நோய் மாதவிடாய் நிற்காத பெண்களில் 0.6 சதவீதமாகவும், நின்ற பின் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளாத பெண்களில் 2.7 சதவீதமாகவும் இருந்தது. அதாவது பெண்களுக்கு இந்த நோய் ஆண்களைவிடத் தாமதித்து வருகிறது, ஆனால் வருகிறது. அதுவும் பலருக்கு உரத்த குறட்டையோடு வருவதில்லை. தூக்கமே வரவில்லை, காலையில் தலை வலிக்கிறது, கைகால் ஓய்ந்துபோகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்பதாக வருகிறது. இரத்தசோகை என்றும் தைராய்டு என்றும் மனக்கவலை என்றும் வைத்தியம் பார்த்துக்கொண்டே நாட்கள் போய்விடுகின்றன. மனைவி கணவரின் குறட்டையைப் பற்றிப் புகார் சொல்லி மருத்துவரிடம் அழைத்து வருவது உண்டு. கணவர் மனைவியை அழைத்து வருவதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். கர்ப்ப காலமும் பெண்களுக்கு இந்த நோய் தலைகாட்டும் இன்னொரு பருவம்: அமெரிக்காவில் முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருந்த பெண்களிடம் நடந்த ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் 3.6 சதவீதத்தினருக்கு இருந்த மூச்சுக் கோளாறு நடுமாதங்களில் 8.3 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. கர்ப்பகால இரத்த அழுத்தத்தோடும் சர்க்கரையோடும் அதற்குத் தொடர்பு இருந்தது.

மாமனாரின் வயதில் இந்த நோய் மிகப் பரவலானது. சான் டியாகோவில் 65 வயதைத் தாண்டிய 427 பேரை குலுக்கல் முறையில் பொறுக்கியெடுத்துப் பரிசோதித்து 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 24 சதவீதத்தினருக்கு மூச்சு முழுவதும் நிற்பது மணிக்கு ஐந்து முறையும் அதற்கு மேலும் இருந்தது. மூச்சு குறைவதையும் சேர்த்து எண்ணியபோது 62 சதவீதத்தினருக்கு மணிக்குப் பத்தைத் தொட்டோ தாண்டியோ இருந்தது. நூற்றில் அறுபது பேருக்கு இருப்பதை நோய் என்பதா, நரை, திரை போல முதுமையின் பகுதி என்பதா? மருத்துவ உலகில் இன்றும் ஓயாத விவாதம் இது. எடை கூடாவிட்டாலும் வயதாக ஆகத் தொண்டையைச் சுற்றிக் கொழுப்பு படிகிறது, தசைகள் நெகிழ்கின்றன, பல் போனவர்களுக்கு வாயின் கட்டமைப்பே மாறுகிறது, தூக்கமும் மெல்லியதாகிறது. இந்தக் காரணத்தால், அறிகுறி எதுவும் இல்லாத எண்பது வயதுக்காரருக்கு எண்ணை மட்டும் பார்த்து முகமூடி மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அறிகுறி இல்லை என்று முடிவுகட்டும் முன் சரியான அறிகுறியைத் தேட வேண்டும். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுபவருக்கு புராஸ்டேட் வைத்தியம் மட்டுமே நடந்துகொண்டிருக்கும். மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் உண்டாகும் இழுவிசையால் இதய அறைகள் விரிகின்றன. உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று ஏமாந்து இதயம் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. புதிதாக வந்த மறதி, தடுமாறி விழுதல், நாளிதழைப் பிடித்தபடியே உறங்கிப்போதல் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. தனியறையில் படுக்கும் பெரியவரின் குறட்டைக்குச் சாட்சியே இருக்காது. இன்னொன்று, தொண்டை திறந்திருந்தும் மூளை மூச்சுக்கு ஆணையிட மறக்கும் வகை, அதாவது மைய வகை மூச்சுத்தடை, இதயம் பலவீனமான முதியவர்களிடம்தான் அதிகம். அதற்கான சிகிச்சையே வேறு. இதயத்தின் இறைக்கும் திறன் 45 சதவீதமும் அதற்குக் குறைவாகவும் இருந்த அத்தகையவர்களுக்குத் தானாக அழுத்தத்தை மாற்றும் ஒருவகைக் கருவியைக் கொடுத்தபோது இறப்பு கூடியதை 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியிருக்கிறது. எனவே, மாமனாரின் அறிக்கையில் இருப்பது அடைப்பு வகையா மைய வகையா, மணிக்கு எத்தனை என்ற இரண்டையும் அவருடைய மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மகனுக்கு, இன்றிரவே அவன் ஆழ்ந்து தூங்கும்போது சட்டையைக் கழற்றி, நெஞ்சும் முகமும் தெரியும்படி இரண்டு மூன்று நிமிடம் ஒலியோடு செல்போனில் படம் பிடியுங்கள்; விடியற்காலையில் இன்னொரு முறை எடுங்கள், ஏனெனில் கனவு மிகுந்த பின்னிரவுத் தூக்கத்தில்தான் தசைகள் அதிகம் தளரும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நீங்கள் வாயால் விவரிப்பதைவிட அந்தப் படம் அதிகம் சொல்லும். அவர் தூக்கப் பரிசோதனை சொன்னால், குழந்தைகளுக்குப் பழக்கமுள்ள மையத்தில் இரவு தங்கிச் செய்வதே நல்லது. கணவருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பரிசோதனை பெரும்பாலும் போதும். அதற்கு முன் அவருடைய கழுத்துச் சுற்றளவை அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டரைத் தாண்டினால், குறட்டையோடும் இரத்த அழுத்தத்தோடும் சேர்த்து அது ஒரு வலுவான குறிப்பு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் பகலில் 98 காட்டுகிறதே என்று அவர் வாதிட்டால் பொருட்படுத்தாதீர்கள். பகலில் அது பெரும்பாலும் இயல்பாகத்தான் காட்டும்.

இந்த மூவரில் எவருக்கு எந்த அறுவை சிகிச்சை நடப்பதாக இருந்தாலும், மகனின் டான்சிலாக இருந்தாலும் மாமனாரின் மூட்டு மாற்றாக இருந்தாலும், மயக்க மருத்துவரிடம் குறட்டையைப் பற்றியும் மூச்சுத்தடையைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிபாப் இருந்தால் மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள். மயக்க மருந்தும் வலி மருந்தும் அதே தொண்டைத் தசைகளைத் தளர்த்துபவை என்பதால், அன்றிரவு எப்படிக் கண்காணிக்க வேண்டும் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.